நூலாசிரியன் பெயரால்

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியல் பள்ளியின் வளாகத்தில் இராமேசுவரி என்னும் பெயரில் ஒரு சிறிய ஒளிநகல் கடை இயங்கி வந்தது. பல்கலைக்கழகமே இடங் கொடுத்து, பக்கத்திற்கு 40 காசு என்று விலையும் வகுத்து, நூலகத்திற்கென மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு நகல்களை இலவசமாக எடுத்துத் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு நடத்தச் செய்த கடை அது. விரிவுரையாளர்கள் தத்தம் பாடத்திற்கு வேண்டிய பகுதிகளைப் பற்பல நூல்களிலிருந்து குறித்துக் கொடுப்பர். கடைக்காரர் அப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துத் தைத்து வைப்பார். மாணாக்கர் வாங்கிச் செல்வர். நான்கு நூல்களை வாங்கப் பொருளில்லாத மாணவனும் அந்நான்கு நூல்களிலும் தனக்கு வேண்டிய அதிகாரங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் அமர முடிந்தது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. தங்கள் பதிப்புரிமை மீறப்பட்டது என்பது அவற்றின் முறையீடு. மாணாக்கர் நகலெடுக்கவே கூடாது என்று அவை சொல்லவில்லை. அதற்கென்றே அமைந்த இந்திய ஒளிநகல் உரிமைச் சங்கத்திடம் பல்கலைக்கழகம் கட்டணம் செலுத்தி உரிமம் பெறட்டும் என்றே கூறின. நூலாசிரியர்களுக்காகவும் பதிப்பாளர்களுக்காகவும் கட்டணம் தண்டிப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அச்சங்கம். ஆகவே, மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது நியாயமான கோரிக்கையாகவே தோன்றும். எழுதியவனுக்கு ஊதியம் சேர வேண்டாமா? உழைப்பின் பயனை உழைக்காதவன் நுகரலாமா?

எனினும், அந்த வழக்கின் நடுவே நிகழ்ந்த ஒன்று இக்கேள்விகளைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்டு, இவ்வழக்கைக் கைவிடுக என்று பதிப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தனர். அவர்களுள் 33 பேர், எந்த நூல்கள் நகலெடுக்கப்பட்டன என்று வழக்கில் குறிப்பிடப்பட்டதோ அந்நூல்களையே எழுதியவர்கள். தம் எழுத்து மாணவர் கையில் சேர்வதே தமக்கு வேண்டுவது என்பது அவர்கள் நிலை. பொருளியலில் நோபல் பரிசு பெற்றவரும், ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் வழியே தம் நூல்களை வெளியிட்டவருமான அமர்த்தியா சென் அதற்கு முன்னரே இக்கருத்தைப் பதிப்பாளர்க்கு எழுதியிருந்தார்.

இங்கேதான் அறநூல் மாணவன் நின்று எண்ண வேண்டிய வினா எழுகிறது. நூலாசிரியனின் உரிமையைக் காக்கவே நாங்கள் நிற்கிறோம் என்று ஒரு சங்கம் கூறுகிறது. அந்நூலாசிரியனோ, எனக்காக இதனைச் செய்ய வேண்டா என்கிறான். அதன் பின்னரும் அவன் பெயரால் பேசும் குரல் யாருடைய குரல்?

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 450 ஆண்டுக்கால வரலாறு இதற்கு உண்டு. இங்கிலாந்தில் 1557ஆம் ஆண்டு மேரி அரசியார் இலண்டன் நூல் வணிகர், அச்சிடுவோர் ஆகியோரின் குழுமத்திற்கு ஓர் அரச பட்டயம் வழங்கினார். பதிப்புத் தொழிலுக்கென எழுந்த சங்கங்களுள் இதனை மூத்தவற்றுள் ஒன்று என்னலாம். இக்குழுமத்தார் அல்லாதார், தனி ஆணை பெற்ற சிலர் நீங்கலாக, நாட்டில் அச்சுத் தொழில் செய்யலாகாது. உரிமையின்றி அச்சிட்ட நூல்களைத் தேடிச் சென்று கைப்பற்றவும் குழுமத்திற்கு அதிகாரம் இருந்தது. அரசுக்கு இதனால் விளைந்த நன்மை, தனக்கு ஒவ்வாத கருத்துகள் அச்சேறாமல் தடுத்துக்கொள்ளும் வசதி. வணிகர்க்கு விளைந்த நன்மை, போட்டியின்மை. குழுமத்தின் பதிவேட்டில் ஒரு நூலைப் பதிந்துகொண்ட உறுப்பினருக்கே அதனை அச்சிடும் உரிமை சேர்ந்தது. எழுதியவனுக்கு அப்பதிவேட்டில் இடமில்லை.

பள்ளி ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. அக்காலத்தில் மிகுதியாக விற்றவை பெருங்காப்பியங்கள் அல்ல. குழந்தைகள் எழுத்தறியும் அரிச்சுவடிகளும் வழிபாட்டு நூல்களும் பஞ்சாங்கங்களுமே பணம் கொழித்தவை. அரிச்சுவடியை அச்சிடும் தனியுரிமை ஒருவர் கையில் இருக்க, உரிமை பெறாத ரோஜர் வார்டு என்னும் அச்சகத்தார் அதனைப் பத்தாயிரம் படிகள் அச்சிட்டு 1582ஆம் ஆண்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். எழுத்துகளை யார் இயற்றினார்? யாரும் இயற்றவில்லை. அவற்றின் மீதும் வேலி இருந்தது. கல்வியின் முதற்படியே வாணிகத்தின் முதன்மைப் பண்டமாயிற்று. (பாடநூல் விலை குறித்துப் பெற்றோர் புலம்பலைப் பள்ளி தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் தலைமையாசிரியர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.)

1695ஆம் ஆண்டில் அச்சு உரிமச் சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. குழுமத்தின் பிடியும் தளர்ந்தது. அதன் பின் நூல் வணிகர் தம் வாதத்தை மாற்றிக்கொண்டதே சிந்தனைக்குரியது. அதுகாறும் அரசின் பாதுகாப்பு, சமயத்தின் தூய்மை என்று பேசியவர்கள், இப்பொழுது நூலாசிரியனையும் அவன் குடும்பத்தையும் முன்னிறுத்தலாயினர். எழுதியவன் வறுமையில் வாடுகிறான், அவன் மனைவி மக்கள் அழிகின்றனர் என்னும் குரல் எழுந்தது. அதனால் விளைந்ததுதான் 1710ஆம் ஆண்டின் ஆன் அரசியார் சட்டம். வணிகர் கேட்டது ஒன்று. நாடாளுமன்றம் கொடுத்தது வேறொன்று. அச்சட்டம் கல்வியை ஊக்குவித்தற்கென இயற்றப்பட்டதாகத் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. உரிமையை முதற்கண் எழுதியவனுக்கே உரியதாக்கிப் புது நூல்களுக்கு 14 ஆண்டுகள் என்று எல்லை கட்டியது. அக்கால முடிவில் ஆசிரியன் உயிரோடிருப்பின் இன்னும் 14 ஆண்டுகள் தந்தது. ஒன்பது நூலகங்களுக்குப் படிகள் அளிக்க வேண்டும் என்றது. ஒரு நூலின் விலை மிகையென்று கருதும் எவரும் முறையிடலாம், கேண்டர்பரிப் பேராயர் முதலியோர் அவ்விலையைக் குறைக்கலாம் என்றும் விதித்தது. இவ்விலை விதி சில பத்தாண்டுகளுக்குள்ளேயே நீக்கப்பட்டுவிட்டது. எனினும், கல்விக்குரிய பொருளின் விலை விற்பவனின் தனி விருப்பம் அன்று என்னும் எண்ணம் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது என்பதை மறத்தற்கில்லை. எல்லை கட்டியதை ஏற்க மனமில்லாத வணிகர், பதிப்புரிமை என்றென்றைக்கும் உரியது என வாதாடிக்கொண்டே இருந்தனர். 1774ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளியது.

ஆசிரியன் பெயரால் பேசுவது, ஆகவே, பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அவ்வாதத்தின் பயனாகவே எழுதுவோன் முதன்முதலாகச் சட்டத்தின் கண்ணில் பட்டான். தன்னலத்திற்காக எடுத்துக்கொண்ட பெயர், எடுத்தவரையும் மீறிச் சில நேரம் உண்மையாகிவிடுகிறது. அறத்தின் வழிகள் இவ்வாறு கோணலாகவும் அமைவதுண்டு.

இனி, கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது தமிழ் மாணவன் தொடக்கப்பள்ளியிலேயே கற்கும் கருத்து. அதனைக் கொண்டே பதிப்பாளர் அனைவரையும் பழிப்பார் உளர். அது முறையன்று. குறையாதது அறிவுதான், நூல் குறையும். தாளுக்கு விலை உண்டு. பிழை திருத்துவோனுக்குக் கூலி உண்டு. விற்காமல் தேங்கிய படிகளுக்குப் பூச்சியரிப்பு உண்டு. நன்கு பதிப்பித்த ஒரு நூலுக்கும் பிழைமலிந்த ஒரு நூலுக்கும் உள்ள வேறுபாட்டை, தவறாக அச்சேறிய பாட்டை மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்துப் பின்னர்த் திருத்தப் பாடுபட்ட ஆசிரியர் நன்கறிவார். ஒரு தலைமுறைக்கு முன் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் பொறியின் மை கையில் ஒட்ட ஒட்டப் பயிற்சித் தாள்களை உருட்டி எடுத்த ஆசிரியர்களுக்கு, ஒரு பக்கத்தை உருவாக்குவதே எவ்வளவு உழைப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சங்கமாகச் சேர்வதனால் அத்தொழிலார் செய்த நன்மைகளும் பல. 2000ஆம் ஆண்டில் ஒருவரோடொருவர் போட்டியிடும் பதிப்பாளர்கள் ஒன்றுகூடிக் கிராஸ்ரெஃப் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினர். ஓர் ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து மற்றொரு பதிப்பாளரின் கட்டுரைக்கு நேரே செல்லும் வழி இதனால் உண்டாயிற்று. ஒவ்வொருவரும் தனித்தனியே முயன்றிருந்தால் நூற்றுக்கணக்கான வேலிகளே மிஞ்சியிருக்கும். ஒரு தொழிலில் அனைவர்க்கும் பொதுவான பாதையைத் தனியொருவன் போட முடியாது.

இடர்ப்பாடு எங்கே தொடங்குகிறது? பாதை போடும் சங்கமே சுங்கச் சாவடிக்காகவும் வாதாடும்போது தொடங்குகிறது. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். அங்கு மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வழங்கும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகளை ஓராண்டுக்குள் எவரும் இலவசமாகப் படிக்கும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு 2005ஆம் ஆண்டில் வேண்டுகோள் விடுத்தன. 2008ஆம் ஆண்டில் அதனைக் கட்டாயமாக்கின. அதனைத் தடுக்க முயன்றோருள் அமெரிக்கப் பதிப்பாளர் சங்கம் முன்னணியில் நின்றது. எதிரிகளைத் தாக்கும் விளம்பர உத்திகளுக்குப் பெயர் பெற்ற ஓர் ஆலோசகரைச் சங்கம் நாடியதையும், பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது அரசாங்கத் தணிக்கைக்கு ஒப்பாகும் என்பது போன்ற எளிய முழக்கங்களை அவர் பரிந்துரைத்ததையும் 2007 சனவரியில் நேச்சர் ஆய்விதழ் வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிசம் என்னும் பெயரில் ஓர் அணி எழுந்தது. ஆராய்ச்சியின் நேர்மையைக் காப்பதற்கான கூட்டணி என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. இலவசமாகத் திறந்துவிட்டால் அறிஞர் மதிப்பீட்டு முறை சிதைந்துபோகும் என்பது அதன் வாதம்.

அம்மதிப்பீட்டைச் செய்வோர் யாவர்? பிற பல்கலைக்கழகங்களின் அறிஞர்களே. பெரும்பாலும் ஊதியமின்றிச் செய்கின்றனர். கட்டுரையை எழுதுவோரும் ஆய்விதழ்களிலிருந்து பணம் பெறுவதில்லை. எழுதியவரும் இலவசம், மதிப்பிட்டவரும் இலவசம்; ஆராய்ச்சிக்குப் பொருள் தந்தவர் குடிமக்கள். இம்மூவரிடமிருந்தும் நேர்மையைக் காக்கவே தாம் எழுந்ததாக நான்காமவர் கூறினார். வேலியைத் திறந்தால் பயிர் பட்டுப்போகும் என்றார்கள். ஓராண்டுக் காலத்தில் திறக்கும் விதி 17 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2025 சூலை முதல் நாளிலிருந்து அந்த ஓராண்டு இடைவெளியும் நீக்கப்பட்டது. அறிஞர் மதிப்பீடு அழிந்துவிடவில்லை. அதன் குறைகள் வேறு காரணங்களால் வந்தவை.

ஆயினும், சங்கத்தின் வாதம் சரியா தவறா என்பதைக் காட்டிலும் ஆழமான ஒன்று இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. அச்சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் பெருவணிகர் அல்லர். பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் கற்றோர் கழகங்களும் அதில் உறுப்பினர். பிரிசம் எழுந்தபோது, இது உறுப்பினர் அனைவரின் கருத்தன்று என்று வெளிப்படையாக அறிவிக்குமாறு ராக்பெல்லர் பல்கலைக்கழகப் பதிப்பகம் சங்கத்தைக் கேட்டது. 2011 திசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில், அரசின் அத்தகைய கட்டாய விதிகளையே தடைசெய்யும் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டுச் சங்கம் அதனை வரவேற்றபோது, எம்.ஐ.டி. பதிப்பகம் முதலிய பல உறுப்பினர், சங்கத்தில் இருந்துகொண்டே, தாங்கள் அம்மசோதாவை ஆதரிக்கவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினர். கணித அறிஞர் திமதி கவர்சு 2012 சனவரியில் எல்சவியர் நிறுவனத்தின் ஆய்விதழ்களுக்கு இனி எழுதுவதில்லை, மதிப்பீடும் செய்வதில்லை என்று அறிவிக்க, ஆயிரக்கணக்கான அறிஞர் அவரைப் பின்பற்றினர். பிப்ரவரி 27ஆம் நாள் அந்நிறுவனம் மசோதாவுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. மசோதாவைக் கொணர்ந்தோரும் அதனைக் கைவிட்டனர்.

தனி மனிதன் பொய் சொன்னால் அவன் முகம் சிவக்கும். சங்கத்திற்கு முகம் ஏது? சங்கம் பேசும்போது, உறுப்பினர் ஒவ்வொருவரும், நான் பேசவில்லை, சங்கம் பேசியது என்பர். அலுவலரோ, நான் பேசவில்லை, உறுப்பினருக்காகப் பேசினேன் என்பர். இவ்வாறு பொறுப்பு கைமாறிக் கைமாறி இறுதியில் எவர் கையிலும் இல்லாமற் போகிறது. பேச்சு மட்டும் மன்றத்தில் நிற்கிறது. அதனாலேயே, சங்கத்தில் உறுப்பினராய் இருப்பது வெறும் சந்தா செலுத்தும் செயலன்று. தன் பெயரை ஒரு குரலுக்கு இரவல் தருவது அது. அக்குரல் தவறும்போது மௌனமாய் இருப்பவன், இரவல் கொடுத்த பெயரைத் திரும்பக் கேளாதவனாகிறான். விலகுவது ஒரு வழி. உள்ளிருந்தே மறுப்பது மற்றொரு வழி. அதுவே கடினமானது, ஒரு வகையில் மேலானதும்கூட. ஏனெனில், நல்லோர் எல்லாரும் விலகிச் சென்ற சங்கம் அழிவதில்லை. அதே பெயரோடு, தடுப்பார் இன்றி நடக்கும். ஆசிரியர் சங்கங்களிலும் எழுத்தாளர் சங்கங்களிலும் கைதூக்கிப் பழகியவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

ஈகையின் பெயராலும் ஒரு சிக்கல் எழுவதுண்டு. 2002ஆம் ஆண்டு தொடங்கி, உலகச் சுகாதார நிறுவனத்தோடு இணைந்து, வறிய நாடுகளின் மருத்துவர்க்குத் தங்கள் ஆய்விதழ்களை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தரும் ஹினாரி என்னும் திட்டத்தைப் பெரும்பதிப்பாளர்கள் நடத்தி வருகின்றனர். இதனால் பயனடைந்தோர் எண்ணற்றோர். இத்திட்டத்தைப் பழித்தல் நன்றி கொன்றதாகும். ஆனால், 2011ஆம் ஆண்டு சனவரியில் சில பதிப்பாளர்கள் வங்காளதேசத்திற்கு அளித்து வந்த இலவச வசதியை நிறுத்தினர். நேற்றுவரை படித்த இதழ் இன்று அங்குள்ள மருத்துவர்க்குத் திறக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, அம்மாதத்திற்குள்ளேயே வசதி மீட்டளிக்கப்பட்டது. கொடுத்தவன் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றால், பெற்றவன் கையில் இருந்தது என்ன? டாக்காவிலுள்ள ஒரு மருத்துவரின் அறிவுத் தேவை அயலவரின் இரக்கத்தைப் பொறுத்ததாய் இருப்பது தகுமா என்பது, திட்டத்தைப் போற்றிக்கொண்டே கேட்கத்தக்க கேள்வி.

மீண்டும் தில்லிக்கு வருவோம். 2012 அக்டோபரில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. கடை தொகுப்புகளை விற்க இயலாதாயிற்று. நான்கு ஆண்டுகள் சென்றன. 2016 செப்டம்பர் 16ஆம் நாள் நீதிபதி இராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நூற்பகுதிகளை நகலெடுப்பதை உரிமை மீறலன்று என விலக்கி வைக்கிறது. அவ்விலக்கு, ஒரு தனி ஆசிரியர் ஒரு தனி மாணவருக்கு வகுப்பறைக்குள் செய்வதற்கு மட்டும் உரியதன்று, கல்வி நிலையம் முழுவதற்கும் உரியது என்பது அவர் முடிபு. முற்காலத்தில் மாணவன் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை எவரும் குற்றம் என்னவில்லை. அதையே பொறி செய்வதனால் குற்றமாகிவிடாது என்னும் போக்கிலும் அவர் விளக்கினார்.

அவ்வாண்டு திசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் இம்முடிபைப் பெரிதும் ஏற்றனர். ஆனால் ஒரு திருத்தம் செய்தனர். எத்தனை பக்கம், எத்தனை விழுக்காடு என்பது அளவுகோல் அன்று. கற்பித்தலுக்கு அப்பகுதி தேவையா என்பதே அளவுகோல். இவ்வழக்கில் அத்தேவை இருந்ததா என்பதைச் சான்று கொண்டு ஆராய வேண்டும் என்றனர். பதிப்பாளர்க்குத் தோல்வி என்று செய்தித்தாள்கள் இதனை எழுதின. ஆசிரியர்க்கு இது வெற்றியா என்று கேட்போர் அரியர். பக்கக் கணக்கு விதியாக இருந்தால் எண்ணிப் பார்த்து விடலாம். எண்ணுவதற்கு மனச்சான்று வேண்டா. தேவை என்பது விதியாகும்போதோ, ஒவ்வொரு பக்கத்தையும் குறித்துக் கொடுக்கும் ஆசிரியரே நடுவராகிறார். சோம்பலினால் குறித்தாரா, பாடத்தை உண்மையாகவே ஆய்ந்து குறித்தாரா? விலைக்கு எளிதில் கிடைக்கும் ஒரு மெல்லிய நூலை முழுதும் நகலெடுக்கச் சொன்னாரா? இவற்றைப் பதிப்பாளர் சங்கம் கேட்டால் வணிகம் என்று ஒதுக்கிவிடலாம். தானே தன்னைக் கேட்டுக்கொள்ளும்போது அவ்வாறு ஒதுக்க இயலாது.

2017 மார்ச்சுத் திங்களில் மூன்று பதிப்பகங்களும் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. எழுதியோர் முன்னரே வேண்டா என்றனர். வெளியிட்டோரும் இப்பொழுது போதும் என்றனர். அதன் பின்னும் ஒளிநகல் உரிமைச் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.